பெர்டர்பேஷன் பாடத்தை ஒரே ஒரு சமன்பாட்டில் தொடங்குங்கள்

எம்.எஸ்சி. முடித்து ஆய்வுக்கு வருகிறவர்கள் பயன்பாட்டுக் கணிதத்தை அத்தியாயம் அத்தியாயமாக முடிக்கப் பார்க்கிறார்கள். பெர்டர்பேஷன், அதாவது சமன்பாட்டில் உள்ள மிகச் சிறிய எண்ணைப் பயன்படுத்தித் தோராய விடை காணும் முறை, கற்க என்னிடம் வருகிறவர்களிடம் புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லி ஒரு கணக்கைத்தான் கொடுப்பேன். சாதாரண வகைக்கெழுச் சமன்பாடும் டெய்லர் தொடரும் கைவசம் இருந்தால் போதும். காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸைத் தேவை வரும்போது தூசி தட்டிக்கொள்ளலாம்.

கணக்கு இதுதான். எப்சிலான் மிகச் சிறிய நேர்ம எண். ஒய்யின் இரண்டாம் வகைக்கெழுவை எப்சிலானால் பெருக்கி, அதோடு முதல் வகைக்கெழுவையும் ஒய்யையும் கூட்டினால் பூஜ்யம். எக்ஸ் 0-இல் ஒய் 0. எக்ஸ் 1-இல் ஒய் 1.

முதலில் எப்சிலான் உள்ள உறுப்பைத் தூக்கிவிட்டுத் தீர்த்துப் பாருங்கள். மிஞ்சுவது முதல் வரிசைச் சமன்பாடு, ஒரு நிபந்தனைக்குமேல் தாங்காது. எக்ஸ் 1-இல் பொருத்தினால், எக்ஸ் 0-இல் விடை 2.718 என்று நிற்கும். நமக்கு வேண்டியதோ 0. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், பாடமே இங்கேதான் இருக்கிறது. 0-க்கு அருகில் ஒய் மிக வேகமாக மாறுகிறது. அங்கே இரண்டாம் வகைக்கெழு மிகப் பெரியது என்பதால், எப்சிலானால் பெருக்கினாலும் அது சிறிதாகிவிடாது. 1904-இல் ஹைடல்பர்க் கணித மாநாட்டில் ஜெர்மன் பாய்ம இயக்கவியல் அறிஞர் லுட்விக் பிராண்டில் காட்டியதும் இதே விஷயம்: திரவத்தின் பாகுநிலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் அதைத் தள்ளிவிட முடியாது.

சரி, எக்ஸை எப்சிலானால் வகுத்து அதைப் புது மாறியாக எடுங்கள். இப்போது முதல் இரண்டு உறுப்புகளும் சம அளவு, மூன்றாவதுதான் சிறியது. அந்தச் சிறியதை விட்டுத் தீர்த்து, வெளி விடையோடு, அதாவது எப்சிலான் உறுப்பைத் தூக்கிவிட்டுக் கிடைத்த முதல் விடையோடு, பொருத்துங்கள். இரண்டையும் கூட்டி, பொதுவான 2.718-ஐ ஒருமுறை கழியுங்கள்.

அப்புறம் சரிபார்ப்பு. பலரும் விட்டுவிடுவது இதைத்தான், எனக்கு அது பொறுக்காது. இந்தச் சமன்பாட்டுக்குச் சரியான விடையே கிடைக்கும். எப்சிலான் 0.05 என்றால் எக்ஸ் 0.5-இல் அது 1.695, நம் தோராயம் 1.649. எப்சிலானை 0.01 ஆக்கினால் சரியான விடை 1.657, தோராயம் மாறுவதில்லை. வித்தியாசம் 0.046-இலிருந்து 0.008 ஆகிறது. எப்சிலான் ஐந்தில் ஒரு பங்கானால் பிழையும் ஏறக்குறைய அப்படியே குறைய வேண்டும். குறையவில்லையா, பொருத்தியதில் எங்கோ தவறு.

அடுத்து முதல் வகைக்கெழுவின் குறியை மாற்றுங்கள். ஒய் வேகமாக மாறும் மெல்லிய படலம் எக்ஸ் 1-க்குப் போய்விடும். ஏன் என்று நீங்களே எழுதிப் பாருங்கள். பிறகு மாறிலிக்குப் பதில் எக்ஸைச் சார்ந்த கெழுக்கள். சரியான விடை பெரும்பாலும் கிடைக்காது, பைத்தானில் எண்முறையில் தீர்த்து ஒப்பிடுங்கள். படலம் எங்கே என்று கையால் கண்டுபிடித்திருந்தால், புள்ளிகளை அங்கே நெருக்கமாக வைக்கலாம்.