ஓதமடித்த பழைய சுவர்: மறுபூச்சில் நடக்கும் தவறுகள்

பூச்சு பொரிந்து உதிர்ந்தவுடன் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசச் சொல்வதுதான் முதல் தவறு. ஈரம் வரும் வழி திறந்தே இருந்தால் எந்தக் கலவையும் நிற்காது.

தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். மேல் விளிம்பில் உப்புக் கோடு தெரியும். அதற்கு மேலே திட்டுத் திட்டாக ஈரம் இருந்தால் குழாயையும் மாடி வடிகாலையும் பாருங்கள். பலரும் கவனிக்காத ஒன்று, வீட்டுக்கு வெளியே மண்ணோ தளமோ உயர்ந்து உள்தரை மட்டத்தைத் தொட்டிருப்பது. அதை உள்தரைக்கு 15 செ.மீ. கீழே இறக்குங்கள்.

உதிர்ந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போடுவதும் வீண். ஈரக்கோட்டுக்கு மேல் இன்னும் 30 செ.மீ. வரை கொத்தி எடுத்து, செங்கல் சந்துகளை 10 முதல் 15 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்ட வேண்டும். பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளிக் கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து திரும்பவும் செங்கலுக்குள்தான் போகும்.

அப்புறம் அவசரம். 25 மி.மீ. தடிமன் காய ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு, 23 செ.மீ. சுவருக்கு ஒன்பது மாதம் ஆகும். அவ்வளவு நாள் சுவரைத் திறந்துபோட யாராலும் முடியாது. அதனால்தான் ஈரத்தை வெளியே விடும் பூச்சு தேவைப்படுகிறது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்கு 1:3 சிமென்ட் கலவை பூசினால் கெட்டியாகத்தான் தெரியும். உள்ளே அடைபட்ட ஈரமோ பூச்சின் மேல் விளிம்பைத் தாண்டி ஏறி, இதுவரை நன்றாக இருந்த இடத்தில் பொரியும். கலவையில் வாட்டர்ப்ரூஃப் திரவம் ஊற்றினாலும் இதே கதைதான். ஜிப்சம் பூச்சு ஈரத்தில் ஊறி இளகிவிடும்.

ஈரத்தை வெளியே விடுவது சுண்ணாம்புப் பூச்சுதான். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய, உப்பில்லாத மணல் போதும். பூசுமுன் சுவரில் லேசாக நீர் தெளிக்க வேண்டும். ஒரு கையில், அதாவது ஒரு தடவைப் பூச்சில், 10 மி.மீ.க்கு மேல் ஏற்றினால் வெடிக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழாத அளவுக்கு இறுகிய பிறகே அடுத்த கை. வெயிலும் காற்றும் நேரே படாமல் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, ஒரு வாரம் நீர் தெளித்து வாருங்கள். பூச்சின் அடி தரையில் முட்டக் கூடாது, 3 செ.மீ. இடைவெளி விட்டால் சுவரடியில் ஓடும் ஸ்கர்டிங் பட்டை மறைத்துவிடும்.

இத்தனையும் செய்துவிட்டு மேலே புட்டி வைத்து பிளாஸ்டிக் எமல்ஷன் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஈரத்துக்கு மறுபடி மூடி போட்ட மாதிரிதான். பெயிண்ட் கொப்புளித்து உரியும். நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பை மூன்று கை அடியுங்கள்.