அங்கன்வாடிச் சுவரில் அஞ்சு வார்த்தை

திருப்பூர்ப் பக்கம் அங்கன்வாடியோ குழந்தைகள் காப்பகமோ நடத்துகிறீர்களா? பனியன் கம்பெனி வேலைக்கு ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் உங்களிடம் இருப்பார்கள். சேர்க்கும் அன்றே அம்மாவிடம் அஞ்சு வார்த்தை கேட்டுத் தமிழ் எழுத்தில் சுவரில் ஒட்டிவிடுங்கள்: தண்ணீர், பசி, வலி, கழிப்பறை, அம்மா. தண்ணீருக்கு இந்தியில் பானி, ஒடியாவில் பாணி. ஒரு பொடியன் காலி டம்ளரைப் பிடித்தபடி குடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். "என்ன கண்ணு வேணும்?" என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம்! அன்றைக்குத்தான் இந்த யோசனை வந்தது.

பெயரையும் அம்மா சொல்கிற மாதிரியே கூப்பிடுங்கள். வாய்க்கு வசதியாகச் சுருக்காதீர்கள்.

அப்புறம் டம்ளர். எல்லாம் ஒரே மாதிரி, ஒரே கூடையில் இருக்கட்டும். "எங்க பையனுக்குத் தனியா வெச்சிருங்க" என்று யாராவது சொன்னால், காரணம் நமக்குத் தெரியாததா என்ன? "இங்க எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க" என்று சிரித்தபடியே சொல்லிவிடலாம். உட்காரும் வரிசையை மட்டும் தினமும் மாற்றுங்கள்.

நடக்கச் சிரமப்படும் பிள்ளை இருந்தால் விளையாட்டை உட்கார்ந்து ஆடுவதாக மாற்றுங்கள். பல்லாங்குழி போதும், சோழி மட்டும் வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.