ஓட்டுக் கூரை நீலமாகத் தெரிகிறதா? செயற்கைக்கோள் பேண்டுகளைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கின் ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் ஓட்டுக் கூரை நீலம் கலந்த சாம்பலாகவும், பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் நடுவே உள்ள கடல் பழுப்பாகவும் தெரிந்தால் செயற்கைக்கோளைக் குறை சொல்ல வேண்டாம். சிவப்பும் நீலமும் இடம் மாறிவிட்டன, அவ்வளவுதான். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் லேண்ட்சாட், சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களின் பேண்டுகளை (ஒவ்வொன்றும் ஒளியின் ஒரு பகுதியில் மட்டும் எடுத்த படம்) புதிதாகச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். மென்பொருள் எச்சரிக்காது. எந்த மூன்று கோப்பைக் கொடுத்தாலும் ஒரு வண்ணப் படத்தைக் காட்டிவிடும். அது பார்க்க அழகாகவும் இருக்கும் என்பதுதான் தொல்லையே.

லேண்ட்சாட் 8 (2013), லேண்ட்சாட் 9 (2021) இரண்டிலும் பேண்ட் 2 நீலம், 3 பச்சை, 4 சிவப்பு, 5 அண்மை அகச்சிவப்பு, 6-உம் 7-உம் குறுஅலை அகச்சிவப்பு. சென்டினல்-2-இல் 2, 3, 4 அப்படியே. ஆனால் அண்மை அகச்சிவப்பு 8, குறுஅலை அகச்சிவப்பு 11, 12. ஒவ்வொன்றும் தனித்தனி சாம்பல் நிறக் கோப்பு. அவற்றில் மூன்றைத் தேர்ந்து திரையின் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களுக்குக் கொடுப்பதே நம் வேலை.

பேண்ட் எண் வேறு, அடுக்கில் அதன் இடம் வேறு

கோப்புகளை ஒரே அடுக்காக்கும் கருவி இருக்கும் இடம்: 'ராஸ்டர்' மெனுவில் 'மிசலேனியஸ்', அதற்குள் 'பில்ட் வர்ச்சுவல் ராஸ்டர்'. அதில் 2, 3, 4, 5 என நான்கு லேண்ட்சாட் கோப்புகளைக் கொடுத்தால், உருவாகும் அடுக்கில் அவற்றின் பெயர் 'பேண்ட் 1' முதல் 'பேண்ட் 4' வரை என்று மாறிவிடும். பழைய எண் தொலைந்துபோகும். இப்போது 'பேண்ட் 4' என்பது சிவப்பு இல்லை, அண்மை அகச்சிவப்பு. போதாக்குறைக்கு, கியூஜிஐஎஸ் தானாகவே முதல் பேண்டைச் சிவப்புச் சேனலுக்கும் மூன்றாவதை நீலச் சேனலுக்கும் கொடுக்கும். நீல ஓட்டுக் கூரை பிறப்பது அப்படித்தான். அடுக்கின் 'சிம்பாலஜி' பக்கத்தில் 3-2-1 என்று மாற்றினால் இயற்கை வண்ணம் வந்துவிடும்.

லேண்ட்சாட்டுக்கு ஓர் எளிய வழி உண்டு. தேவைப்பட்டாலும் படாவிட்டாலும் 1 முதல் 7 வரை ஏழையும் வரிசையாக அடுக்குங்கள். அப்போது இடமும் எண்ணும் ஒன்றாகவே இருக்கும். சென்டினலில் இது நடக்காது. 2, 3, 4, 8, 11, 12 என்று ஆறை அடுக்கி, அந்த வரிசையை அடுக்கின் பெயரிலேயே எழுதி வைப்பது நல்லது. இந்த அடுக்கில் இயற்கை வண்ணம் 3-2-1. தாவரம் சிவப்பாகத் தெரியும் கலவை 4-3-2.

கோப்புகள் அகர வரிசையில் நிற்பது இன்னொரு பொறி. லேண்ட்சாட் முதல்நிலைக் கோப்புகள் (வளிமண்டலத் திருத்தம் செய்யாதவை) பி1, பி10, பி11, பி2 என்றுதான் அடுக்கப்படும்; வெப்ப பேண்டுகள் இரண்டும் நடுவில் நுழைந்துவிடும். சென்டினலில் 8ஏ, 12-க்குப் பின்னால் போய் நிற்கும். தேர்வுப் பெட்டியில் கோப்புகளை இழுத்து வரிசை மாற்றலாம். 'ரன்' அழுத்தும் முன் அந்தப் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே படியுங்கள். 'ஒவ்வொரு கோப்பையும் தனி பேண்டில் வை' என்ற குறி போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது இல்லையென்றால் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, ஒரே பேண்டாக முடிந்துவிடும்.

வரிசை சரியா என்று அறிய கண்ணை நம்ப வேண்டாம். 'ஐடென்டிஃபை' கருவியால் பினாங்குக் கொடிமலைக் காட்டில் ஒரு பிக்சலைச் சொடுக்குங்கள். நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் குறைவாகவும், அண்மை அகச்சிவப்பு அவற்றைவிட மிகவும் உயர்ந்தும் இருக்க வேண்டும். அடுத்து ஆழ்கடலில் ஒரு பிக்சல். அங்கே அகச்சிவப்பு பேண்டுகள்தான் ஆகக் குறைவு. இந்த இரண்டு சொடுக்கும் சரியாக வந்தால் அடுக்கு சரி.

10 மீட்டரும் 20 மீட்டரும்

சென்டினல்-2-இன் 2, 3, 4, 8 பேண்டுகளின் பிக்சல் 10 மீட்டர். 5, 6, 7, 8ஏ, 11, 12 ஆகியவை 20 மீட்டர். 1, 9, 10 மூன்றும் 60 மீட்டர். இவற்றைக் கலந்து அடுக்கும்போது 'ரெசல்யூஷன்' பெட்டியில் 'ஆவரேஜ்' என்று கிடப்பதை அப்படியே விட்டால், எந்த பேண்டுக்கும் பொருந்தாத ஒரு நடுத்தர அளவு வந்து சேரும். 'ஹையஸ்ட்' என்று மாற்றுங்கள். அதற்காக 20 மீட்டர் பேண்டில் புது விவரம் முளைத்துவிடாது; ஒரு பிக்சல் நான்காக உடைந்து நிற்கும். பினாங்குப் பாலம் 10 மீட்டர் பேண்டில் கூர்மையான கோடாக இருந்து குறுஅலைக் கலவையில் மங்கினால் அது இயல்பு.

லேண்ட்சாட்டின் 15 மீட்டர் கறுப்பு-வெள்ளை பேண்ட் 8-ஐக் கொண்டு கூர்மையாக்குவதும் நடப்பதே. அந்த பேண்ட் முதல்நிலைத் தொகுப்பில் மட்டும்தான் வரும். வளிமண்டலத் திருத்தம் செய்த இரண்டாம்நிலையில் இருக்காது. எனவே வண்ண பேண்டுகளையும் முதல்நிலையிலிருந்தே எடுக்க வேண்டும். அப்படிக் கூர்மையாக்கிய படம் சுவரில் மாட்டத்தான். தாவரக் குறியீடு கணக்கிட அதைத் தொடக் கூடாது.

படம் தென் சீனக் கடலில் போய் விழுந்தால்

கோலாலம்பூர், பினாங்கு இரண்டும் யூடிஎம் என்ற உலகளாவிய ஆய முறையின் 47 வடக்கு மண்டலத்தில் வருகின்றன. குறியீட்டு எண் 32647. ஆனால் மலேசிய அரசு வரைபடங்கள் பலவும் தீபகற்பத்துக்கான ஆர்எஸ்ஓ என்ற வேறோர் ஆய முறையில், 3375 என்ற எண்ணில், இருக்கும். இரண்டையும் பொருத்த 'செட் லேயர் சிஆர்எஸ்' போய் 3375 என்று மாற்றுவது பெரிய பிழை. அது பெயர்ப்பலகையை மட்டுமே மாற்றும், உள்ளே இருக்கும் எண்கள் அப்படியே கிடக்கும். யூடிஎம்மில் கோலாலம்பூரின் கிழக்கு ஆயம் (கிழக்கு-மேற்கு நிலையைக் காட்டும் எண்) ஏறக்குறைய 8 லட்சம் மீட்டர். ஆர்எஸ்ஓவில் அதே எண் தென் சீனக் கடலைக் குறிக்கும். உண்மையில் மாற்ற வேண்டுமானால் 'வார்ப்' கருவிதான் வழி. அதையும் எல்லா வேலையும் முடிந்த பிறகு, ஒரே ஒருமுறை செய்யுங்கள். ஒவ்வொரு வார்ப்பும் பிக்சலைக் கொஞ்சம் கலைக்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து பகாங் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெந்தோங்கைத் தாண்டியதும் 102 பாகைத் தீர்க்கரேகை வந்துவிடும். அதற்குக் கிழக்கே மண்டலம் 48. இரண்டு மண்டலக் கோப்புகளை ஒரே வர்ச்சுவல் ராஸ்டரில் கொடுத்தால் ஒரு மண்டலத்தின் கோப்புகள் சத்தமில்லாமல் விடுபடும். எச்சரிக்கை, யாரும் படிக்காத 'லாக்' பக்கத்தில் மட்டும் இருக்கும்.

மேகம் எல்லா வெளிச்சத்தையும் தின்றுவிடும்

வரிசைப் பிழைக்கு அடுத்து அதிகம் பார்ப்பது இதுதான்: படம் ஒரே இருட்டு, மேகம் மட்டும் பளிச்சென்று வெள்ளை. கியூஜிஐஎஸ் வழக்கமாக முழுப் படத்திலிருந்தும் பிக்சல்களை எடுத்து, கீழே 2 விழுக்காட்டையும் மேலே 2 விழுக்காட்டையும் வெட்டிவிட்டு, மீதியைக் கறுப்பிலிருந்து வெள்ளை வரை இழுக்கும். பாலைவனத்தில் இது போதும். நம் ஊரில் படத்தின் கால்பங்கு மேகமாக இருப்பது சாதாரணம். 98 விழுக்காடு என்ற எல்லையே மேகத்துக்குள் போய்விடும். காடும் நகரமும் மிஞ்சியிருக்கும் இருட்டுக்குள் நெருக்கி அடைபடும்.

மேகமில்லாத பகுதிக்குள் போய் 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எக்ஸ்டென்ட்' என்பதை 'கரண்ட் கேன்வஸ்' ஆக்குவது உடனடித் தீர்வு. அதற்குக் கீழே உள்ள 'அப்டேட்டட் கேன்வஸ்' வேண்டாம்: படத்தை நகர்த்தும் போதெல்லாம் வண்ணம் மாறும், செராஸில் பச்சையாக இருந்த திடல் அம்பாங்குக்கு நகர்ந்ததும் வேறு பச்சையாகும்.

இதைவிட உறுதியான வழி, எல்லையை நாமே எண்ணாகக் கொடுப்பது. இரண்டாம்நிலை லேண்ட்சாட்டில் பிக்சல் எண்ணை 0.0000275-ஆல் பெருக்கி 0.2-ஐக் கழித்தால் பிரதிபலிப்பு கிடைக்கும். எனவே 0 முதல் 0.3 வரை காட்ட, மூன்று பேண்டுக்கும் கீழெல்லை 7273, மேலெல்லை 18182. கீழெல்லையைப் பூஜ்யம் என்று விடுகிறவர்கள்தான் பிறகு 'படம் வெளுத்திருக்கிறது' என்று புலம்புவார்கள். சென்டினல்-2-இல் எண்ணைப் பத்தாயிரத்தால் வகுக்க வேண்டும், ஆனால் 2022 ஜனவரி 25 முதல் வந்த படங்களில் ஒவ்வொரு பிக்சலிலும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. பதிவிறக்கிய தொகுப்பின் பெயரில் 'என்' என்ற ஆங்கில எழுத்தை ஒட்டி வரும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 0400 அல்லது அதற்கு மேல் என்றால் எல்லை 1000 முதல் 4000; அதற்குக் கீழே என்றால் 0 முதல் 3000. பழைய படங்களும் மறுபடி பதப்படுத்தப்பட்டு வருவதால், படம் எடுத்த தேதியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த ஆயிரத்தைக் கழிக்காமல் இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டால், இல்லாத மாற்றம் ஒன்று எல்லா இடத்திலும் தெரியும்.

மூன்று பேண்டுக்கும் ஒரே எல்லை என்பது இயற்கை வண்ணத்துக்கு மட்டும். அண்மை அகச்சிவப்பில் காட்டின் பிரதிபலிப்பு 0.3-ஐத் தாண்டும். அங்கேயும் 18182 என்று நிறுத்தினால் காடு, செம்பனை, திடல் எல்லாம் ஒரே அடர் சிவப்பாக வழிந்துவிடும். அந்தச் சேனலுக்கு மட்டும் 0.5 வரை, அதாவது லேண்ட்சாட்டில் 25455, சென்டினலில் 6000 (0400-க்குக் கீழே என்றால் 5000) என்று கொடுங்கள். மறுபக்கம், இயற்கை வண்ணத்தில் நம் காடு மிகவும் இருண்டது. மேலெல்லையை 0.15-க்கு இறக்கினால் காட்டுக்குள் விவரம் தெரியும், ஆனால் தாமான் (குடியிருப்பு) கூரைகள் வெளுத்துப்போகும். இரண்டும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் எல்லையைத் தொடாமல், நடுத்தர வெளிச்சத்தை மாற்றும் காமாவைக் கூட்டிப் பார்க்கலாம்.

எந்த நாள், எந்த நேரம்

பட்டியலில் காட்டும் மேக விழுக்காடு முழுக் காட்சிக்கானது. லேண்ட்சாட்டில் பினாங்கு விழும் காட்சி பாதை 128, வரிசை 56. அதில் கணிசமான பகுதி கடல். 60 விழுக்காடு மேகம் என்று ஒதுக்கிய படத்தில் தீவு துல்லியமாக இருக்கலாம். 10 விழுக்காட்டுப் படத்தில் அந்தப் பத்தும் கொடிமலைமேல் உட்கார்ந்திருக்கலாம். முன்னோட்டப் படத்தைத் திறந்து பார்க்காமல் ஒதுக்காதீர்கள். பினாங்குக்கு ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள்.

கோப்பில் உள்ள நேரம் உலகப் பொது நேரம். மலேசிய நேரத்துக்கு எட்டு மணி கூட்ட வேண்டும். சென்டினல்-2 கோலாலம்பூரைக் கடப்பது காலை பதினொன்றரை மணிக்குப் பிறகு. புகைமூட்ட நாளில் எடுத்த படத்தை அன்றைய காற்றுத் தரக் குறியீட்டோடு ஒப்பிடுபவர்கள் 03 என்று கண்டதும் விடியற்காலை அளவை எடுத்துக்கொள்வது உண்டு. புகைமூட்டம் இருக்கும் நாளில் நீல பேண்ட்தான் முதலில் கெடும். குறுஅலை அகச்சிவப்பு புகையை ஓரளவு ஊடுருவும் என்பதால் லேண்ட்சாட் 8, 9-இன் 7-6-4 கலவை அப்போது உதவும். கெட்டியான மேகத்தை எந்த பேண்டும் ஊடுருவாது.

விமான நிலையங்களைச் சுற்றி சிவப்பு, பச்சை, நீலமாகப் பிரிந்து பறக்கும் சிறு உருவங்களைக் கண்டால் அடுக்கைத் திருத்தப் போகாதீர்கள். சென்டினல்-2-இன் பேண்டுகள் ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கப்படுகின்றன. அதற்குள் விமானம் நகர்ந்துவிடுகிறது.

அன்றும் இன்றும்

பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயா ஆனதைக் காட்ட 1990-களின் தொடக்கத்து லேண்ட்சாட் 5 படத்தையும் இன்றைய லேண்ட்சாட் 9 படத்தையும் பக்கத்தில் வைப்பார்கள். இரண்டுக்கும் 5-4-3 என்று கொடுத்தால் பழையதில் தோட்டம் பச்சை, புதியதில் சிவப்பு. லேண்ட்சாட் 5-இல் நீலம் 1-இலிருந்து தொடங்குகிறது. அண்மை அகச்சிவப்பு 4, குறுஅலை அகச்சிவப்பு 5-உம் 7-உம், 6 வெப்ப பேண்ட். ஆகவே புதியதில் 5-4-3 என்றால் பழையதில் 4-3-2. லேண்ட்சாட் 7-இல் 2003 மே 31-க்குப் பிறகு ஒவ்வொரு காட்சியிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கறுப்புக் கோடுகளாகப் போயிற்று. அந்த நாளுக்குப் பிந்தையது என்றால் லேண்ட்சாட் 5-ஐ முதலில் தேடுங்கள். 2012-க்கு அந்த வசதி இல்லை; 2013 முதல் லேண்ட்சாட் 8 உண்டு.

கரையோரத்தை ஒப்பிடும்போது கடல் ஏற்ற இறக்க அட்டவணையையும் பாருங்கள். செபராங் பிறைக் கரையில் வற்றுநேரத்துச் சேற்றுத் திட்டு, கடலைத் தூர்த்த புது நிலம் போலவே தெரியும்.

சேமிக்கும்போது

'சேவ் ஆஸ்' பெட்டியில் 'ரா டேட்டா' என்றால் 16 பிட்டு எண்கள் அப்படியே போகும்; சாதாரணப் படம் பார்க்கும் செயலியில் திறந்தால் கறுப்பாகத் தெரியும், கோப்பு கெட்டுவிடவில்லை. 'ரெண்டர்டு இமேஜ்' என்றால் திரையில் காண்பது 8 பிட்டில் வரும். அச்சுக்கும் கட்டுரைக்கும் அது, கணக்கிட 'ரா டேட்டா'. சாய்ந்த கறுப்பு ஓரம் அகல, 'டிரான்ஸ்பரன்சி' பக்கத்தில் கூடுதல் 'நோ டேட்டா' மதிப்பாக 0 கொடுங்கள். வர்ச்சுவல் ராஸ்டர் கோப்பு சில கிலோபைட்தான் இருக்கும். அதற்குள் படம் கிடையாது, மூலக் கோப்புகளின் முகவரி மட்டுமே உண்டு. நண்பருக்கு அனுப்புவதென்றால் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வைத்து அனுப்புங்கள், அல்லது முதலில் ஜியோடிஃப் ஆக மாற்றிவிடுங்கள்.