மொய்னா டப் ஒரே ராத்திரில காலியாகுதா? தண்ணில பண்ற தப்புங்க இதுதான்

பெட்டா மீன் குஞ்சுக்கும் கப்பி மீன் குட்டிக்கும் உயிர்த்தீனியா போடலாம்னு ஆசையா ஒரு டப்ல மொய்னாங்கிற பொடி நீர்த்தெள்ள விடுவோம், பத்து நாள் நல்லா பெருகும், அப்புறம் ஒரு நாள் காலைல பாத்தா ஒன்னு கூட நீந்தாது, எல்லாம் அடில வெள்ளையா படிஞ்சு கிடக்கும். பெரும்பாலும் இதுக்கு காரணம் நாம பாசமா ஊத்துன தீனிதாங்க.

ஈஸ்ட்ட ஸ்பூன் கணக்குல கரைச்சு ஊத்தவே ஊத்தாதீங்க. ஊருக்கு போறோமேன்னு ரெண்டு நாள் தீனிய சேத்து ஊத்திட்டு போனேன் ஒரு தடவ, வந்து மூடிய தொறந்தா புளிச்ச மாவு வாடை, தண்ணி பால் மாதிரி, மேல நுரை, மனசே விட்டுப்போச்சு. மொய்னா தின்னது போக மிச்சம் அழுகும், அதுல பாக்டீரியா பெருகி ஆக்சிஜன இழுத்துக்கும், அம்மோனியாவும் ஏறும். 20 லிட்டருக்கு ஒரு சிட்டிகை, தண்ணி லேசா கலங்குனா போதும். மறுநாள் தெளிஞ்சாதான் அடுத்த தீனி, தெளியலனா அன்னிக்கு பட்டினி போடுங்க, ஒன்னும் ஆகாது.

மொய்னா சிவப்பா இருந்தா சூப்பர் குவாலிட்டின்னு நிறைய பேர் சந்தோஷப்படுறாங்க. ஆக்சிஜன் பத்தலனா அது உடம்புல ஹீமோகுளோபின் கூட்டிக்கும், அதனாலதான் அந்த கலர். அதிகாலைல டார்ச் அடிச்சு பாருங்க, சிவந்து போயி மேல்மட்டத்துல கூட்டமா நின்னா அன்னிக்கே கால்வாசி தண்ணி மாத்தணும். ஏர் ட்யூப் போடுங்க, ஆனா அது முனைல மாட்டுற ஏர்ஸ்டோன் கல்லு வேணாம், பொடி குமிழி ஓட்டுக்குள்ள மாட்டி அதுங்கள மேலயே மிதக்க விட்டுரும்.

அடுத்து புதுத்தண்ணி. கார்ப்பரேஷன் தண்ணிய பக்கெட்ல ஒரு நாள் திறந்து வச்சா குளோரின் போயிரும், குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேந்தது) கலந்த தண்ணியா இருந்தா போகாது, அதுக்கு டீகுளோரினேட்டர்னு குளோரின முறிக்கிற மருந்து விட்டே ஆகணும். கொசுவுக்கு தொட்டில அபேட் மருந்து ஊத்திட்டு போயிருந்தா அந்த தண்ணி பக்கமே போகாதீங்க, மொய்னாவுக்கு அது நேரடி விஷம். கொசு ஸ்ப்ரேயும் அப்படித்தான், டப் இருக்க ரூம்ல அடிக்கவே கூடாது. செம்பு அண்டா, செம்பு குடம் எதுவும் வேணாம். வெறும் ஆர்ஓ தண்ணியும் சரிப்படாது, ஓடு கட்ட கால்சியம் வேணும்ல.

அடில சேர்ற கசடு வாரம் ஒரு தடவ ட்யூப் போட்டு உறிஞ்சி எடுங்க, வெளிய வர்ற முனைல டீ வடிகட்டிய பிடிச்சா கூட வர்ற மொய்னா தப்பிச்சிரும், திரும்ப டப்ல விட்டுரலாம். பாசி வளந்து தண்ணி பச்சையா இருக்க டப்னா ராத்திரி அந்த பாசியும் ஆக்சிஜன இழுக்கும், அதனால கூட்டம் சேர விடாம ரெண்டு நாளைக்கு ஒரு தடவ அள்ளிருங்க. அள்ளுனத அப்படியே மீன் டேங்க்ல கொட்டாம, வடிகட்டிலயே வச்சு நல்ல தண்ணில ஒரு அலசு அலசி போடுங்க, அந்த டப் தண்ணி குஞ்சுங்களுக்கு ஆகாது.