புது கார் பேட்டரி வருஷம் திரும்புவதற்குள் படுத்துவிடுகிறதா? சார்ஜிலும் பராமரிப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஏனுங்க, பேட்டரி மாத்தி இன்னும் வருஷங்கூடத் திரும்பலீங்க, அதுக்குள்ள செல்ஃப் எடுக்க மாட்டீங்குது." ஈரோடு, கரூர் பக்கம் பேட்டரி கடையில் அரை மணி நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது. பழி முதலில் கம்பெனி மேல் போகும். தயாரிப்புக் கோளாறும் சில சமயம் இருக்கும்தான். ஆனால் புது பேட்டரிகள் பெரும்பாலும் உழைத்துக் கெடுவதில்லை. பாதி சார்ஜில் நாள்கணக்காகச் சும்மா கிடந்துதான் கெடுகின்றன.

உள்ளே இருப்பது ஈயத் தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலமும். சார்ஜ் இறங்க இறங்கத் தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் மெல்லிய படலமாகப் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது திரும்பக் கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் இறுகிப் படிகமாகிவிடும்; அப்புறம் எந்த சார்ஜர் போட்டாலும் முழுசாகக் கரையாது. அந்த அளவுக்குத் தகட்டின் பரப்பு போனது போனதுதான். பேட்டரி கடைக்காரர்கள் 'சல்ஃபேட் ஆயிருச்சு' என்று சொல்வது இதைத்தான்.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை, ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன்னால், இரண்டு டெர்மினலிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி. 12 வோல்ட்டைத் தொட்டுவிட்டால் கால்வாசிதான் மிச்சம். வண்டியை நிறுத்திய உடனே பார்க்காதீர்கள், அப்போது காட்டும் எண் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். 12.4-க்குக் கீழே இறங்கினாலே சார்ஜ் போட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. செல்ஃப் அடிக்கிறதே என்று விட்டுவிடுவதில்தான் பாதி பேட்டரிகள் போகின்றன.

தினமும் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைப்பது

நம் பக்கத்தில் அதிகம் பார்க்கிற தவறு இது. பையன் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருப்பான், கார் வாசலில் நிற்கும். அப்பா தினமும் காலையில் சாவியைப் போட்டு ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்திவிடுவார். அக்கறையோடு செய்கிறார், ஆனால் பேட்டரிக்கு அதனால் பெரிய லாபமில்லை. ஸ்டார்ட் ஆகும் அந்த ஓரிரு நொடியில் செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. அந்தச் செலவையும் நின்ற நேரத்தில் இறங்கியதையும் சேர்த்து ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கிற கருவி) திருப்பிக் கொடுப்பதற்குள் இன்ஜின் நின்றுவிடும், அதிலும் ஏசி ஓடினால் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு பக்கம், நிற்கிற காரும் கரண்ட் குடித்துக்கொண்டேதான் இருக்கிறது. கடிகாரம், சென்ட்ரல் லாக், அலாரம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்கிற அளவு) போகிறது. சின்ன கார்களில் வரும் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பதினைந்தே நாளில் பாதி காலி. பார்க்கிங்கிலும் ஓடுகிற மாதிரி டேஷ்கேம் மாட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம்.

வாரத்தில் ஒரு நாள் வண்டியை எடுத்து முக்கால் மணி நேரமாவது சீராக ஓட்டுங்கள். கோவையிலிருந்து பொள்ளாச்சி போகிற தூரம் இருந்தால் நல்லது. சந்தைக்கும் பால் சொசைட்டிக்கும் இரண்டு கிலோமீட்டர் போய்வருவது கணக்கில் வராது. ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியை நிறைத்துவிட்டு நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிடலாம். ஸ்டீரியோ செட்டிங் அழிந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆல்டர்னேட்டர் இருப்பது ஓடுகிற வண்டியின் தேவைக்கும், ஸ்டார்ட்டில் செலவானதை ஈடுகட்டுவதற்கும். அடியோடு இறங்கிய பேட்டரியை நிரப்புகிற வேலை அதனுடையது அல்ல. திருவிழாவில் கதவைத் திறந்துவைத்துப் பாட்டுப் போட்டுப் பேட்டரி இறங்கியதா? தள்ளி ஸ்டார்ட் செய்து வீடு வந்ததோடு விட்டுவிடாமல், அன்று ராத்திரியே சார்ஜரில் போடுங்கள். கடைசி இருபது சதவீதம் ஏற மணிக்கணக்காகும். சாலையில் அவ்வளவு நேரம் யாரும் ஓட்டுவதில்லை.

வாங்குகிற இடத்தில்

புது கார் பேட்டரியை எட்டு மணி நேரம் சார்ஜ் போட்ட பிறகுதான் மாட்ட வேண்டும் என்பார்கள். கடையிலேயே ஆசிட் ஊற்றித் தருகிற டிரை பேட்டரிக்கு அது சரி, முதல் சார்ஜ் கட்டாயம். இப்போது வருகிற கார் பேட்டரிகள் ஆசிட்டோடு சார்ஜ் ஏறியேதான் வருகின்றன. அங்கே பார்க்க வேண்டியது வேறு: தயாரித்த மாதம், கடைக்காரர் மீட்டரில் காட்டும் வோல்ட். ஆறு மாதம் அலமாரியில் கிடந்து 12.3 காட்டுகிற பேட்டரியை நான் வாங்கமாட்டேன். வாரன்ட்டி கார்டில் விற்ற தேதியும் முத்திரையும் விழுகிறதா என்று நின்று பாருங்கள். 'இத்தனை மாதம்' என்று போட்டிருப்பதில் முழுதாக மாற்றித் தரும் காலம் எவ்வளவு, பிறகு விலையில் ஒரு பங்கு மட்டும் கழிக்கிற காலம் எவ்வளவு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

சிக்னலில் தானாக நின்று ஸ்டார்ட் ஆகிற வண்டியா? அதற்கு அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்குகிற மாதிரி செய்த ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகைதான் வரும். ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் என்று சாதாரண பேட்டரி போட்டால் அத்தனை ஸ்டார்ட்டை அது தாங்காது.

வெயிலும் தண்ணீரும்

குளிரில்தான் பேட்டரி போகும் என்று நினைக்கிறோம், ஊட்டியில் விடிகாலை செல்ஃப் அடிக்காமல் போவதால். ஆனால் அதைக் கெடுத்தது அதற்கு முந்தைய கத்திரி வெயில். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் சொல்கிற கணக்கு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று படுகிற கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் கொஞ்சம் பரவாயில்லை. 40 டிகிரியைத் தாண்டுகிற ஈரோடு, கரூர் வெயிலில் பானெட்டுக்குள் என்ன சூடு இருக்கும்! வேப்பமர நிழலோ, ஒரு தகரக் கொட்டகையோ செய்கிற உதவியை எந்த விலை உயர்ந்த பேட்டரியும் செய்யாது.

மூடி கழற்றுகிற மாதிரியான பேட்டரியில் வெயில் காலத்தில் தண்ணீர் வேகமாக வற்றும். மாதம் ஒரு தடவை பாருங்கள். ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். நம் போர் தண்ணீர் கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்க்கிறோமே, அந்த உப்பு தகட்டுக்கு ஆகாது. குடிக்க இனிக்கிற சிறுவாணித் தண்ணீரும் ஆகாது, ஆர்ஓ தண்ணீரும் ஆகாது. ஆசிட் ஊற்றவே கூடாது. வற்றுவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. சார்ஜ் போடும் முன் தகடு வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி, மீதியை சார்ஜ் ஏறிய பிறகு குறி வரை நிரப்புங்கள். முதலிலேயே நிரப்பினால் ஏறும்போது பொங்கி வழிந்து ஆசிட் போய்விடும். சீல் செய்த பேட்டரியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறக்க வேண்டாம். அதன் மேல் இருக்கும் பச்சைக் கண்ணையும் முழுதாக நம்ப வேண்டாம், ஆறு செல்லில் ஒன்றை மட்டும்தான் அது பார்க்கிறது.

சார்ஜ் போடும்போது

பேட்டரியின் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் சார்ஜ் ஏற்றுவதுதான் கணக்கு. 35-க்கு மூன்றரை ஆம்பியர், 65-க்கு ஆறரை. கடையில் அவசரத்துக்கு அதிக ஆம்பியரில் 'பூஸ்ட்' போட்டால் தகடு சூடாகும். ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். பல பேட்டரிகளை வரிசையாகக் கோத்து ஒரே சார்ஜரில் போடுவதும் உண்டு. லாரி பேட்டரிக்கு வைத்த ஆம்பியர் அந்த வரிசையில் உங்கள் சின்ன பேட்டரிக்குள்ளும் அப்படியே ஓடும். தனியாகப் போடச் சொல்வதில் தப்பே இல்லை. வீட்டில் போடுவதென்றால் தானாக நிற்கிற சார்ஜர் வாங்குங்கள், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வைத்திருப்பதை மாட்டாதீர்கள். ஏஜிஎம் பேட்டரிக்கு அந்த செட்டிங் உள்ள சார்ஜராகவே இருக்க வேண்டும்.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், ஒரு பொறி போதும் வெடிக்க. அதனால் காற்றோட்டமான இடம் வேண்டும். பூஜை விளக்கும் பீடியும் பக்கத்தில் வேண்டாம். கிளிப்பை மாட்டிவிட்டு சுவிட்சைப் போடுங்கள், சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளிப்பைக் கழற்றுங்கள். ஆசிட் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டு விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட ஏற்பாடு செய்யுங்கள்.

நாமக்கல், சங்ககிரி சாலையில் கார் நின்றால் உதவிக்கு லாரிதான் முதலில் நிற்கும். நல்ல மனசுதான், ஆனால் லாரிகளில் பெரும்பாலும் இரண்டு பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். அதிலிருந்து காருக்கு வயர் போட்டால் கம்ப்யூட்டர் பெட்டியே போய்விடும். இன்னொரு காரிலிருந்து எடுங்கள். சிவப்பை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவிலும் அடுத்து நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலும், கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவிலும் மாட்டி, கறுப்பின் மறுமுனையைக் கடைசியாக நின்ற காரின் இன்ஜின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள்.

டைனமோ, அதாவது ஆல்டர்னேட்டர், வேலை செய்கிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைப் பிடுங்கிக் காட்டுகிற பழக்கம் பழைய ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. அந்தக் காலத்து வண்டிகளில் தப்பித்தது. இன்றைய காரில் அந்த நொடியில் எகிறும் வோல்ட் சென்சார்களைப் பொசுக்கிவிடும். மீட்டர் வைத்தால் போதும், ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் காட்ட வேண்டும். சில புது வண்டிகளில் கம்ப்யூட்டரே இதைக் கூட்டிக் குறைக்கும், அங்கே எண் மாறினால் பதற வேண்டாம்.

தோட்டத்து மண் ரோட்டில் ஓடுகிற வண்டியில் பேட்டரியைப் பிடிக்கிற கிளாம்ப்பை மறக்கக் கூடாது. கையால் ஆட்டினால் பேட்டரி அசையக் கூடாது. அசைந்தால் தகட்டில் பூசியிருக்கும் ஈய மருந்து உதிர்ந்து அடியில் சேரும். டெர்மினலில் வெள்ளையோ நீலமோ பூத்திருந்தால் வெந்நீரில் சோடா உப்புக் கலந்து கழுவித் துடைத்து, இறுக்கிய பிறகு வாஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். இறங்காத கிளிப்பைச் சுத்தியால் தட்டி இறக்க வேண்டாம், அடிப்பாகம் விரிசல் விட்டு ஆசிட் கசியும்.

மாற்றிய பழைய பேட்டரியைக் கிணற்று மேட்டில் போட்டுவைக்கிறவர்கள் உண்டு. ஈயமும் ஆசிட்டும் மண்ணில் இறங்கினால் குடிக்கிற தண்ணீருக்கே கேடு. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழசைச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. கடையில் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள். ஆசிட்டைக் கீழே கொட்டாமல், நிமிர்த்தி வைத்து அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள்.