வாடைக்குத் தெற்கே, தென்றலுக்கு வடக்கே

பூம்புகார் – வேளாங்கண்ணி கடலோரச் சாலையில் குழுவாகச் சைக்கிள் பயணம் போடுகிறவர்கள், எந்த ஊரில் தொடங்குவது என்பதை மாதத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஜனவரி, பிப்ரவரி என்றால் வடக்கிலிருந்து வாடை வீசும்; பூம்புகாரில் ஏறித் தெற்கே வாருங்கள். ஏப்ரல், மே என்றால் தெற்கிலிருந்து தென்றல் வீசும்; வேளாங்கண்ணியில் ஏறி வடக்கே போங்கள்.

தரங்கம்பாடி, காரைக்கால், நாகை வழியாகப் போகும் இந்தச் சாலை பெரும்பாலும் வடக்கு தெற்காகவே ஓடுகிறது. ஆற்றுப் பாலங்களைத் தவிர ஏற்றமே கிடையாது. காலைப் பிடித்து இழுப்பது எதிர்காற்றுதான். வாடையை எதிர்த்து மிதித்தால் வலுவில்லாத இரண்டு பேர் காரைக்காலுக்குள்ளேயே பின்தங்குவார்கள், வழிகாட்டியும் பின்னால் வரும் சாமான் வண்டியும் அவர்களுக்காக நின்று நின்று போக வேண்டும். காற்று முதுகில் இருந்தால் குழு கலையாது, தண்ணீரும் குறைவாகச் செலவாகும். சந்தேகமா? முந்தின நாள் மாலை படகுக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். மீனவர்களைக் கேட்டால் இன்னும் நல்லது.

ஜூன், ஜூலையில் இது உதவாது. கச்சான் என்னும் மேல்காற்று மேற்கிலிருந்து பக்கவாட்டில் தள்ளும்; விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். கோடியக்கரையில் கரையே மேற்கே திரும்பிவிடுவதால், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கமும் இந்தக் கணக்கு செல்லாது.