சர்ஜரிக்குப் பிறகு முட்டை சாப்பிடுவது எப்படி?

எடை குறைக்கிற சர்ஜரி முடிந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் ஒரு டயட் தாளைக் கொடுத்துவிடுவார்கள். அதில் முட்டைக்கு ஒரு வரிதான் இருக்கும்: ‘சேர்க்கலாம்’. எப்படிச் செய்வது, எத்தனை சாப்பிடுவது என்பதெல்லாம் நம் பாடு. நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நமக்கு முட்டைக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் சர்ஜரிக்கு முன்னால் சாப்பிட்ட மாதிரியே சாப்பிட்டால் அந்த ஒற்றை முட்டையே நெஞ்சில் நின்றுகொண்டு படாதபாடு படுத்தும்.

முதலில் கணக்கு. வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கிற ஸ்லீவோ, வயிற்றைச் சின்னதாக்கிக் குடலோடு இணைக்கிற பைபாஸோ, எதுவானாலும் ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும் என்பார்கள், சிலருக்கு 80 வரை போகும். ஒரு பண்ணை முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். வெள்ளைக்கருவில் பாதிக்கு மேல், மிச்சம் மஞ்சளில். அதாவது முட்டையை மட்டும் நம்பினால் தினம் 10 முட்டை, புது வயிற்றுக்கு ஆகிற காரியமா அது? இரண்டு முட்டை போதும், மீதியைப் பால், தயிர், பனீர், மீன், டாக்டர் எழுதிக் கொடுத்த புரோட்டீன் பவுடர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து அமுச்சி (அம்மாவின் அம்மா) நாட்டுக்கோழி முட்டை கொடுத்தனுப்பினால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அது அளவில் சின்னது, புரதமும் அதற்குத் தக்கபடி குறைவுதான். “பச்சையா உடைச்சுக் குடி கண்ணு, தெம்பு வரும்” என்று சொன்னால் மட்டும் தலையாட்டிவிட்டு வேக வைத்துச் சாப்பிடுங்கள். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், புரதமும் வெந்த முட்டையில் சேர்கிற அளவுக்கு உடம்பில் சேராது.

எப்போது ஆரம்பிப்பது என்பதற்கு உங்கள் ஆஸ்பத்திரித் தாள்தான் சட்டம். பொதுவாக முதல் ஒன்றிரண்டு வாரம் நீராகாரம், அப்புறம் மசித்தது, அப்புறம் மெத்தென்ற சாப்பாடு என்று போகும். முட்டை வருவது மசித்த கட்டத்திலோ அதற்கு அடுத்ததிலோதான்.

இனி செய்முறை. எல்லா முட்டைக்கும் ஒரே விதிதான்: காயக்கூடாது. அதிகம் வெந்த வெள்ளைக்கரு ரப்பர் மாதிரி ஆகிவிடும், எவ்வளவு மென்றாலும் துண்டு துண்டாகத்தான் இறங்கும். மொறுமொறு ஆம்லெட் தொண்டைக்குக் கீழே போய் அடைத்துக்கொள்வதும் இதனால்தான்.

ஆரம்பத்துக்கு என்னுடைய ஓட்டு ஆவியில் வேக வைப்பதற்குத்தான். ஒரு முட்டையை உடைத்து, நுரை வராமல் அடித்து, அதைப் போல இரண்டு மடங்கு ஆறிய எலும்புச் சாறோ கொள்ளு வேகவைத்த தண்ணீரோ வடிகட்டி ஊற்றிக் கலக்குங்கள். துளி உப்பு. காரம் வேண்டாம். சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து (இல்லாவிட்டால் மூடியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் முட்டையைக் கெடுத்துவிடும்), இட்லிப் பானைக்குள் வைத்துக் குறைந்த தீயில் பத்து நிமிஷம் விடுங்கள். கிண்ணத்தை லேசாக ஆட்டினால் நடுவில் தளதளவென்று ஆட வேண்டும், ஆனால் ஸ்பூனை விட்டால் பச்சையாக ஒழுகக்கூடாது. ஒழுகினால் இன்னும் இரண்டு நிமிஷம். தீயைக் கூட்டினால் உள்ளே ஓட்டை ஓட்டையாகி, தண்ணீர் பிரிந்து நின்றுவிடும்.

அடுத்த கட்டத்துக்கு நம்ம ஊர்க் கலக்கி இருக்கவே இருக்கிறது. கடையில் அதை அரைவேக்காட்டில் சுருட்டி எடுத்துவிடுவார்கள், உங்களுக்கு அது ஆகாது. வீட்டிலேயே வடச்சட்டியில் கால் ஸ்பூன் எண்ணெய் விட்டு, ஒரு முட்டையோடு ஒரு கரண்டி பால் அடித்து ஊற்றி, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். பச்சை போய் ஈரம் மட்டும் மிச்சமிருக்கிற நேரத்தில் இறக்க வேண்டும், ஏனென்றால் சட்டிச் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் வேகும். என்றைக்காவது வெளியே பரோட்டாக் கடையில் சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால், “அண்ணா, ஒரு கலக்கி, நல்லா வேகட்டுங்க, எண்ணெய் கம்மியா, சால்னா வேண்டாங்க” என்று சொன்னால் போட்டுக் கொடுப்பார்கள். ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும்.

அவித்த முட்டைக்கு அவசரப்படாதீர்கள். சர்ஜரிக்குப் பிறகு பலருக்கு அந்த வாடையே குமட்டும், நிறைய நேரம் வெந்தால் மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையம் விழுந்து வாடை இன்னும் கூடும். வெந்ததும் பச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு, தயிரோ ரசத் தெளிவோ விட்டு மசித்துச் சாப்பிடலாம். பண்ணையிலிருந்து அன்றைக்கே வந்த முட்டை ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வரும், அவிப்பதற்கு ஒரு வாரம் ஆன முட்டை தேவலை.

தட்டில் முட்டைதான் முதலில், சாதமெல்லாம் இடமிருந்தால் பிறகு. சின்ன ஸ்பூனில் எடுத்து, கூழாகும்வரை மென்று, இருபது நிமிஷமாவது ஆகிற மாதிரி சாப்பிடுங்கள். கூடவே தண்ணீர் குடிக்காதீர்கள், சாப்பிட்டு அரை மணி நேரம் போகட்டும். விக்கல், மூக்கொழுகல், நெஞ்சில் அழுத்தம், இதில் எது வந்தாலும் வயிறு போதும் என்கிறது என்று அர்த்தம், அந்த நிமிஷமே நிறுத்திவிடுங்கள். “ஒரே வாய்தானே” என்று விருந்து வீட்டில் வற்புறுத்தினாலும் சரி. தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி வந்துகொண்டே இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் டாக்டருக்குப் போன் போடுங்கள், அப்படியே விட்டால் உடம்பில் பி1 வைட்டமின் குறைந்து நரம்பைப் பாதிக்கும். முட்டையில் பி12 இருக்கிறது என்பதற்காக மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது.

புரட்டாசியில் வீட்டில் முட்டை சட்டி ஏறாது என்றால், அந்த மாதத்துக்கு மட்டும் கணக்கை மாற்றி எழுதுங்கள். காலையில் முட்டைக்குப் பதில் உதிர்த்த பனீர், மத்தியானம் பச்சைப்பயறு கடைசல், இடையில் இனிப்பில்லாத கெட்டித் தயிர். பயறு முட்டையைவிடச் சீக்கிரம் வயிற்றை நிறைத்துவிடும் என்பதால், இரண்டும் ஒரே வேளையில் வந்தால் பனீரை முதலில் சாப்பிடுங்கள்.